வயிறு வலித்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

இரவு இரண்டு மணி. சித்தூரை ஒட்டிய ஒரு கிராமத்து வீடு. முப்பது வயது ஆள் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வீடே விழித்துக்கொண்டது.

"ராத்திரி தின்ன களி செரிக்கல" என்கிறார் அம்மா.

"கேஸாத்தான் இருக்கும் அத்தே, கொஞ்சம் ஓமத்தண்ணி குடுக்கலாம்" என்கிறார் மனைவி.

"சூடு பிடிச்சிருக்கும்டா. தொப்புள்ல வெளக்கெண்ண வை" என்கிறார் பாட்டி.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "குடல் ஏறியிருக்குது. விடிஞ்சதும் தட்டி எடுத்தாச் சரியாப்பூடும்" என்கிறார்.

ஐந்தே நிமிடத்தில் நோய்க்கு நான்கு பெயர்கள் கிடைத்துவிட்டன. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது. பெயர் வைத்துவிட்டால் மனம் அமைதியாகிவிடும், பார்ப்பதை நிறுத்திவிடும். வயிற்று வலிக்கு நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது குடும்பத்தின் வேலை இல்லை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் கையில் வைத்திருக்கும் மருத்துவருக்கே சில நேரம் அது பிடிபடுவதில்லை. வீட்டிலிருப்பவர்கள் செய்ய வேண்டியவை இரண்டு: எப்போது கிளம்புவது என்று முடிவெடுப்பது, நடந்ததை ஒழுங்காகச் சொல்வது. இரண்டுக்கும் படிப்பு வேண்டாம். கடிகாரமும் கண்ணும் போதும்.

ஆறு மணி நேரக் கணக்கு

லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப், திடீர் வயிற்று வலியைத் தொடக்கத்திலேயே இனம் காண்பது பற்றி 1921-இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஸ்கேன் இல்லாத காலத்து நூல். இன்றும் புதுப் பதிப்புகளாக மருத்துவ மாணவர்கள் கையில் இருக்கிறது. அதில் அவர் ஒரு பொது விதி வைத்தார்: அதுவரை ஓரளவு நலமாக இருந்தவருக்குக் கடுமையான வயிற்று வலி வந்து ஆறு மணி நேரம் நீடித்தால், பெரும்பாலும் அது அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய வலி.

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஆறு மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு இந்த விதி அனுமதி தரவில்லை. அது எல்லைக்கோடு. அதற்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பின்னால் வரும் அபாய அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் ஆறு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

*எப்போது, எப்படித் தொடங்கியது?* "எட்டு மணி செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அப்போது கத்தியால் குத்தியதுபோல் வந்தது" என்று நிமிடத்தைக் குறித்துச் சொல்கிறாரா? அப்படியென்றால் ஏதோ ஒன்று கிழிந்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். இரைப்பைப் புண் ஓட்டையாவதும், ரத்தக் குழாய் அடைபடுவதும், சூற்பை முறுக்கிக்கொள்வதும் இந்த வகை. "மத்தியானத்திலிருந்தே மந்தமாக இருந்தது, மெல்ல மெல்லக் கூடியது" என்றால் வீக்கம், சீழ் போன்றவற்றை நினைக்கலாம். குடல்வால் அழற்சி இப்படித்தான் நடந்து வரும்.

*எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது?* ஒரே விரலால் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையை வயிறு முழுக்க வட்டமாகச் சுற்றுகிறவருக்கும், ஒரு புள்ளியில் விரலை வைக்கிறவருக்கும் வேறுபாடு உண்டு. குடலுக்குள் இருக்கும் நரம்புகளுக்கு இடம் சொல்லத் தெரியாது. எல்லாவற்றையும் தொப்புளைச் சுற்றியே காட்டும். வயிற்றறையின் உள்சுவரை மூடிய மெல்லிய உறைக்கோ இடம் துல்லியமாகத் தெரியும். வலி தொப்புளிலிருந்து ஒரு மூலைக்கு நகர்ந்தால், அழற்சி உள்ளுறுப்பைத் தாண்டி அந்த உறையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

*விட்டு விட்டா, விடாமலா?* குழாய் வடிவ உறுப்புகள் அடைப்பைத் தள்ள முயலும்போது அலை அலையாக வலிக்கும். குடல் அடைப்பு இப்படி. அலையாக இருந்த வலி ஓய்வின்றி ஒரே சீராக மாறினால், குடலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது என்ற எச்சரிக்கை.

*கூட என்ன?* வாந்தி, காய்ச்சல், பேதி, மலமும் வாயுவும் போகாமை, சிறுநீர்க் கடுப்பு, மாதவிலக்குத் தள்ளிப்போனது, மயக்கம். இவற்றின் வரிசையும் முக்கியம். முதலில் வாந்தியும் பேதியும், பிறகு வலி என்றால் பெரும்பாலும் உணவால் வந்த தொற்று. முதலில் வலி, சில மணி நேரம் கழித்து வாந்தி என்றால் அறுவை தேவைப்படும் காரணத்தைத் தேட வேண்டும்.

படுத்திருக்கும் விதம் பாதி சொல்லும்

சிறுநீரகக் கல் வலிக்காரரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. எழுவார், உட்காருவார், சுவரில் முட்டுவார், தரையில் புரளுவார். விலாவுக்குப் பின்னால் தொடங்கி, அடிவயிற்றின் வழியாகத் தொடை இடுக்குக்கு இறங்கும் வலி இது. சிறுநீர் சிவந்து போகலாம். சித்திரை வெயிலில் மாந்தோப்பிலும் கல் குவாரியிலும் வேலை செய்து, குடிக்கும் தண்ணீர் எல்லாம் வியர்வையாகப் போகிறவர்களுக்கு இது பழக்கமான எதிரி.

இரைப்பையில் ஓட்டை விழுந்தவர் நேர் எதிர். அசையவே மாட்டார். முழங்காலை மடக்கி, மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டுக்கொண்டு சிலைபோல் கிடப்பார். தொட்டால் வயிறு பலகையாக இருக்கும். புரளுகிறவரைப் பார்த்து வீடு பதறுகிறது. அசையாதவரைப் பார்த்து "தூங்குகிறார், விடுங்கள்" என்கிறது. உயிருக்கு ஆபத்து அதிகம் இருப்பது பெரும்பாலும் அந்த அசையாதவருக்குத்தான்.

வயிற்றறையின் உள்ளுறையில் அழற்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே அறிய எளிய வழி, இருமச் சொல்வது. இருமும்போது ஒரே இடத்தில் சுரீர் என்றால் கவனியுங்கள். குழந்தையாக இருந்தால் ஒரு தரம் எம்பிக் குதிக்கச் சொல்லலாம். குதிக்கிற குழந்தை சிரித்தால் நமக்கும் கொஞ்சம் மூச்சு வரும். குதிக்க மறுத்தால் கிளம்புங்கள்.

ஆட்டோவில் போகும்போதும் ஒரு சோதனை தானாக நடக்கும். இங்கிலாந்தில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், வழியில் வேகத்தடைகளைத் தாண்டி வந்த நோயாளிகளைக் கேட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர், வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது வலி கூடியது என்றார்கள். வேறு நோய்களிலும் இப்படி வலிக்கலாம். ஆனாலும், "ஸ்பீட் பிரேக்கர்ல உயிர் போச்சு டாக்டர்" என்று சொன்னால் அது புலம்பல் ஆகாது, மருத்துவருக்குத் தகவல்.

இடத்தை வைத்து ஒரு வரைபடம்

தொப்புளில் ஒரு கூட்டல் குறி போட்டு வயிற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வலது கீழ்ப் பகுதி குடல்வாலின் இடம். இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருப்பது மெக்பர்னி புள்ளி. நியூயார்க் மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-இல் சுட்டிக்காட்டியது. தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கி, சில மணி நேரத்தில் இங்கே வந்து நிற்பதுதான் குடல்வால் அழற்சியின் வழக்கமான பாதை. சாப்பாடு பிடிக்காது, லேசான காய்ச்சல் இருக்கும். இதில் ஒரு பொறி உண்டு. வீங்கிய குடல்வால் வெடிக்கும் நேரத்தில் உள்ளழுத்தம் குறைந்து வலி திடீரெனத் தணியும். "கஷாயம் வேலை செய்தது" என்று வீடு நிம்மதியடையும். பிறகு வயிறு முழுக்கச் சீழ் பரவி, காய்ச்சலோடு வலி இரட்டிப்பாகத் திரும்பும்.

வலது மேல் பகுதி பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் உரியது. எண்ணெய்ப் பலகாரம், கறி விருந்து முடிந்த இரவில் வந்து வலது தோள்பட்டை எலும்புக்குப் பரவும் வலி பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். அதோடு குளிர் நடுக்கக் காய்ச்சலும் கண் மஞ்சளும் சேர்ந்தால் பித்தக் குழாயில் தொற்று, அது அவசரம். நீண்ட நாள் குடிப்பவருக்கு இதே இடத்தில் வலியும் காய்ச்சலும் இருந்தால், அமீபாவால் கல்லீரலில் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மேல் வயிற்றின் நடுப்பகுதி புண்ணுக்கும் கணையத்துக்கும் உரியது. கணைய அழற்சி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றே ஆறும், வாந்தி நிற்காது. மதுவும் பித்தக் கல்லும் அதன் முதன்மைக் காரணங்கள். புண்ணைப் பொறுத்தவரை, சென்ற நூற்றாண்டில் தென்னிந்திய அறுவை அரங்குகளை நிரப்பிய நோய் முன்சிறுகுடல் புண். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே அதன் பெருங்காரணம் என்று 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் கண்டறிந்தார்கள். 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமியை மாத்திரையால் அழிக்க முடிந்ததால் புண் குறைந்தது. ஆனால் இரைப்பையில் ஓட்டை போடும் இன்னொரு காரணம் கூடிவிட்டது: மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மூட்டு வலி மாத்திரை.

இடது கீழ்ப் பகுதியில் மலச்சிக்கல் தொடங்கி முதியோரின் பெருங்குடல் அழற்சி வரை பலவும் வரும். அடிவயிற்றின் நடுவில் உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டு, சிறுநீர் கழிக்க முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு அது நிரம்பி வழியும் சிறுநீர்ப்பை. ஒரு குழாய் போட்டால் அந்த நிமிடமே முகம் மலரும்.

குடல் அடைப்புக்கு மூலை கிடையாது. அலை அலையான வலி, வாந்தி, உப்பிய வயிறு, மலமும் வாயுவும் வெளியேறாமை என்ற நான்கும் சேர்ந்து வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, வயிற்றில் பழைய அறுவைத் தழும்பு. மற்றது, தொடை இடுக்கு. வெட்கத்தால் வேட்டிக்குள் பல ஆண்டுகள் மறைத்து வைத்த ஹெர்னியா, உள்ளே போக மறுத்துக் கல்லாக இறுகி வலிக்கிறது என்றால் குடல் சிக்கிக்கொண்டது. அதை அமுக்கி உள்ளே தள்ள முயலாதீர்கள்.

வெட்கம் கெடுக்கும் இன்னொரு இடமும் உண்டு. பத்துப் பதினைந்து வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று வாந்தி எடுக்கிறான். விதைப்பை வலியை அவன் அம்மாவிடம் சொல்ல மாட்டான். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் உண்டு. அப்பாவோ மாமாவோ தனியே அழைத்துப்போய்க் கேட்டுவிட வேண்டும்.

பெண்ணுக்கு ஒரு கேள்வி கூடுதல்

பிள்ளை பெறும் வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கு அடிவயிறு வலித்தாலும், கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேளுங்கள். தள்ளிப்போய் ஆறு, எட்டு வாரம் ஆகி, ஒரு பக்கமாக வலித்து, சொட்டுச் சொட்டாக உதிரம் பட்டு, எழுந்தால் தலை சுற்றினால் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். வயிற்றுக்குள் தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை நுனி வலிக்கும். வயிற்று வலிக்காரி தோளைப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

"எங்க பொண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சே" என்பது பதிலாகாது. ஆந்திரத்தில் மணமான பெண்களில் பெரும்பாலோர் அந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். அது தோற்பது அபூர்வம். ஆனால் தோற்றால், கரு கருக்குழாயிலேயே தங்கும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடுதல். மணமாகாத பெண்ணிடம் மருத்துவர் இதைத் தனியே கேட்டால் கோபப்படாமல் வெளியே போய் நில்லுங்கள். உயிர் காக்கும் கேள்வி அது. சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சில நிமிடமே ஆகும்.

வயிற்றில் வலி, நோய் வேறிடத்தில்

இந்தப் பகுதியைச் சித்தூர், திருப்பதிக்காரர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

*கட்டுவிரியன்.* தெலுங்கில் கட்லபாமு. இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டுப் போகும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது. பல் தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்று வலியோடும் வாந்தியோடும் எழுவார். கேஸ் என்று வீட்டில் வைத்திருப்பார்கள். பிறகு இமை தானாகக் கவியும், விழுங்க முடியாது, குரல் குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். ஆகவே தரையில் படுத்தவருக்கு விடியலில் காரணம் தெரியாத வயிற்று வலி வந்தால், கண்ணை முழுசாகத் திறந்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை பாதியில் நின்றால் அது பாம்புக்கடி என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள். இந்தியாவில் தரும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் பொதுவானது. எந்தப் பாம்பு என்று தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம்.

*இதயம்.* இதயத்தின் கீழ்ச் சுவருக்கு ரத்தம் குறைந்தால் மேல் வயிற்றில் அழுத்தமும் ஏப்பமும் குமட்டலும் மட்டுமே தெரியலாம். சர்க்கரை நோயாளிக்கு மார்பு வலி இல்லாமலும் வரும். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மேல் வயிற்று வலியோடு வியர்வை கொட்டினால் முதல் வேலை ஈசிஜி.

*சர்க்கரை.* இன்சுலின் விட்டுப்போன சர்க்கரை நோயாளிக்கு, குறிப்பாகச் சிறு வயதினருக்கு, ரத்தம் அமிலமாகி வயிற்று வலி, வாந்தி, ஆழ்ந்த பெருமூச்சு வரும். சர்க்கரை அளவைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

*டெங்கு, டைபாய்டு.* மழைக்காலக் காய்ச்சல் தணியும் நாளில் கடும் வயிற்று வலி தொடங்கினால் அது டெங்குவின் அபாய அறிகுறி. இரண்டு மூன்று வாரம் நீடித்த டைபாய்டில் திடீர் வலி வந்தால், குடலில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

குழந்தையும் முதியவரும்

கைக்குழந்தை பேசாது. ஆனால் கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு, சில நிமிடம் அடங்கி, மறுபடி வீறிட்டால், ஒரு குடல் இன்னொன்றுக்குள் நுழைந்துகொண்டிருக்கலாம். சிவப்பு ஜெல்லி போன்ற மலம் வரும்வரை காத்திருப்பது தாமதம்.

முதியவரின் வயிறு பொய் சொல்லும். உள்ளே சீழ் இருந்தும் காய்ச்சல் வராது, வயிறு இறுகாது. "அஞ்சாறு நாளா மந்தமா இருக்குப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத முதியவர், தொட்டால் மென்மையாக இருக்கும் வயிற்றை வைத்துக்கொண்டு தாங்க முடியாமல் துடித்தால், குடலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். அவர் நடிக்கவில்லை.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

- நிமிடம் குறித்துச் சொல்லும்படி திடீரென வந்த கடும் வலி
- பலகை போன்ற வயிறு, அசையப் பயம்
- மயக்கம், குளிர்ந்த வியர்வை, வேகமான நாடித் துடிப்பு
- ரத்த வாந்தி, காப்பித்தூள் நிற வாந்தி, தார் போன்ற கருமலம்
- பச்சை வாந்தியோடு உப்பிய வயிறு. மலமும் வாயுவும் போகவில்லை
- மாதவிலக்குத் தள்ளிப்போனவர், கர்ப்பிணி
- காய்ச்சல் நடுக்கம், கண் மஞ்சள்
- இமை கவிதல், விழுங்க முடியாமை
- இறுகி வலிக்கும் ஹெர்னியா, விதைப்பை வலி

வீட்டில் செய்யக் கூடாதவை

வயிற்றை உருவாதீர்கள். குடலேற்றம் தட்டுவது, எண்ணெய் போட்டு வழிப்பது, சூடு வைப்பது எல்லாம் வீங்கிய குடல்வாலை வெடிக்கவைக்கவும் சிக்கிய குடலைச் சிதைக்கவும் வல்லவை. விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ எனிமாவோ வேண்டாம். அடைபட்ட குழாயை உள்ளிருந்து தள்ளுவது ஆபத்து. கடும் வலி இருக்கும்போது உணவும் காப்பியும் கஷாயமும் கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால் மயக்க மருந்து கொடுப்பது எளிது.

வலி மாத்திரை கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடமே நெடுநாள் இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அதைத் தளர்த்தின. இன்று அவசரப் பிரிவில் முதலிலேயே வலியைத் தணித்துவிட்டுச் சோதிக்கிறார்கள். ஆனால் வீட்டில் டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம். புண்ணையும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும். ஏற்கெனவே விழுங்கிவிட்டால் பெயரையும் நேரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை.

திருமலை ஏறுகிறவர்களுக்கு

அலிபிரியிலிருந்து 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டில் 2,388. விரதத்தோடு ஏறுவார்கள். முழங்கால் வலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை போடுவார்கள். அது புண்ணைக் கிளறும். வியர்வை கொட்டும், தண்ணீர் குடிப்பது குறையும், சிறுநீரகக் கல் நகரும். காத்திருப்புக் கூடத்தில் இடத்தைவிட்டு எழ மனமில்லாமல் மணிக்கணக்கில் சிறுநீரை அடக்குவார்கள். புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்கு அதுவே அடைப்பாக முடியும். ஏறும்போது வரும் மேல் வயிற்று அழுத்தம் இதயமாக இருக்கலாம். தரிசனம் முடியட்டும் என்று பொறுக்காதீர்கள். மேலே தேவஸ்தானத்தின் அஸ்வினி மருத்துவமனை இருக்கிறது. அங்கே காட்டி, தேவையென்றால் அவர்கள் ஏற்பாட்டிலேயே கீழே இறங்குவதுதான் பாதுகாப்பு.

எங்கே போவது?

திருப்பதியில் அலிபிரி சாலையிலேயே ருயா அரசுப் பொது மருத்துவமனையும் ஸ்விம்ஸும் இருக்கின்றன. ருயா, 1960-இல் தொடங்கிய எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஸ்விம்ஸ் தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் இயங்கும் உயர்சிகிச்சை நிலையம். சித்தூரில் அரசுத் தலைமை மருத்துவமனை உண்டு. சித்தூரிலிருந்து திருப்பதி ஏறக்குறைய 70 கி.மீ.; வேலூர் அதில் பாதிதான். அதனால் இந்தப் பக்கத்துத் தமிழர்கள் பலருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே வேலூர் சி.எம்.சி. தான். ஆனால் 2022 முதல் அதற்கு ராணிப்பேட்டையில் இன்னொரு வளாகம் இருக்கிறது. எந்த வளாகத்துக்குப் போக வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள். மாநில எல்லை தாண்டினால் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் கேளுங்கள்.

பெயர் பெற்ற மருத்துவமனையைத் தேடி ஒன்றரை மணி நேரம் போவதைவிட, மயங்கிக்கொண்டிருப்பவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, கையில் ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேலே போவது நல்லது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றுபட்ட ஆந்திரத்தில்தான் பிறந்தது. தயங்காமல் அழையுங்கள்.

இரண்டு மொழிகளுக்கு நடுவே

நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்தில் இரண்டு மொழியும் ஒரே வாயில் வரும். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து தரிசனத்துக்கு வந்த குடும்பம் அவசரப் பிரிவில் தடுமாறும். சில சொற்கள் ஏமாற்றவும் செய்யும். தெலுங்கில் *கடுபு* என்றால் வயிறு. *கடுபு நொப்பி* வெறும் வயிற்று வலிதான், நம்முடைய சீதபேதிக் கடுப்பு இல்லை. *கடுபுதோ உந்தி* என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். *நொப்புலு* என்று பன்மையில் சொன்னால் பிரசவ வலி என்று எடுத்துக்கொள்வார்கள். *வாந்துலு* வாந்தி, *விரேசனாலு* பேதி, *மண்ட்ட* எரிச்சல், *ஜ்வரம்* காய்ச்சல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி, மருத்துவரின் முதல் கேள்வியிலேயே இருக்கிறது: "எப்பட்டி நுஞ்சி?" தமிழ்க் காதுக்கு அது "எப்படி" என்று விழும். எப்படி வலிக்கிறது, எப்படித் துடித்தார் என்று கதை தொடங்கிவிடுவோம். அவர் கேட்டதோ "எப்போதிலிருந்து?"

அதனால் வாயை நம்பாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். காலண்டர் தாளின் பின்புறம் போதும்.

இரவு 8.00 – களி, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்.
இரவு 11.30 – தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது.
1.00 – ஒரு தடவை வாந்தி. ரத்தம் இல்லை.
2.00 – ஓமத்தண்ணீர் அரை டம்ளர். மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.
4.00 – வலி வலது கீழ்ப் பக்கம். இருமினால் கூடுகிறது. உடம்பு சுடுகிறது.
4.20 – கிளம்பினோம்.
சர்க்கரை, பிரஷர் இல்லை. பழைய ஆபரேஷன் இல்லை. மருந்து ஒவ்வாமை இல்லை.

இந்தச் சீட்டில் நோயின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் மருத்துவரின் கை நேராக வலது கீழ் வயிற்றுக்குத்தான் போகும். வலி தொடங்கி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை.